கட்டிலருகே ஒரு ஸ்டூல்

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டு அறை. நீள மேஜையைச் சுற்றி ஏழு பேர். இரண்டு பாதிரியார்கள், மூன்று கன்னியாஸ்திரிகள், புராட்டஸ்டன்ட் இறையியல் கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர், இவர்களுக்குப் பயிற்சி தரும் மேற்பார்வையாளர். ஓரத்தில் நான். நோயாளிகளைச் சந்திக்கும் ஆன்மீகப் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்திருந்தது. வகுப்பைப் பார்க்காமல் செய்தால் அகராதிதான் வேலை செய்யும், நான் செய்யமாட்டேன் என்று சொல்லி, எல்லோருடைய சம்மதத்தோடும் ஒரு நாள் உட்கார இடம் வாங்கியிருந்தேன். (ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. வார்டுக்குப் போய் ஒரு நோயாளியுடன் பேசிவிட்டு வந்ததும், அந்தப் பேச்சை நினைவிலிருந்து அப்படியே எழுத வேண்டும். அவர் சொன்னது ஒரு வரி, தான் சொன்னது ஒரு வரி. வரிக்கு வரி எண். நடுவில் விழுந்த மௌனம், பெருமூச்சு, நர்ஸ் குறுக்கே வந்தது எல்லாம் சேர்த்தி. டேப் ரெக்கார்டர் கூடாது. நோயாளியின் பெயர் இருக்காது. இதற்கு 'வெர்பாட்டிம்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் என்று வைத்துக்கொள்ளலாம். எழுதியதைக் குழுவில் படித்துக் காட்ட வேண்டும். மற்றவர்கள் அதை வரி வரியாகப் பிரித்துப் போடுவார்கள். பரீட்சை எழுதிப் பழகியவர்களுக்குக்கூட வியர்க்கும் சங்கதி இது.

அன்று அந்த இளைஞரின் முறை. வயது 26, திருநெல்வேலிப் பக்கம். அவர் சந்தித்த பெரியவர் கோலார் தங்கவயல் தமிழர், எழுபதைத் தாண்டியவர். 2001 பிப்ரவரியில் சுரங்கங்களை மூடும்வரை பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகிப்போகிற நோய். 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன அந்தச் சுரங்கங்களில் இப்போது யாரும் இறங்குவதில்லை. தூசி மட்டும், இறங்கி ஏறியவர்களின் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

மாணவர் ஆங்கிலத்தில் படித்தார். குழுவுக்குப் பொதுமொழி அதுதான். மேற்பார்வையாளர் மங்களூர்க்காரர், வீட்டில் கொங்கணி. மற்றவர்கள் மலையாளம், இந்தி, ஒரு சிஸ்டருக்கு சந்தாலி. படித்ததன் சாரம் இது: இரவில் தூக்கம் வருவதில்லை என்று நோயாளி சொன்னார். மருத்துவரிடம் சொன்னீர்களா என்று விசாரித்தேன். மாத்திரை தருவதாகவும், அதைச் சாப்பிடத் தனக்கு விருப்பமில்லை என்றும் சொன்னார். மருந்தைத் தவறாமல் உட்கொள்ளும்படி ஊக்கப்படுத்தினேன். ஒப்புக்கொண்டார். அவருக்காக ஜெபித்துவிட்டு வந்தேன்.

யாருக்கும் குறை தெரியவில்லை. "நன்றாகச் செய்திருக்கிறீர்கள்" என்றார் ஒரு சிஸ்டர். மேற்பார்வையாளர் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த மொழியில் பேசினீர்கள், பிரதர்?"

"தமிழில், ஃபாதர்."

"அப்படியானால் தமிழில் சொல்லுங்கள். எனக்குப் புரியாவிட்டால் பரவாயில்லை. இவர் இருக்கிறார்" என்று என்னைக் காட்டினார்.

மாணவர் கண்ணை மூடி யோசித்து, மெதுவாகச் சொன்னார்.

"வணக்கம் ஐயா. எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன் தம்பி. ராத்திரிதான்... தூக்கமே இல்ல."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா? மாத்திரை குடுப்பாங்களே."

"குடுக்கறாங்க. போட்டா தூங்கிடுவேன். அதுக்குத்தான் போடறதில்ல."

"அப்படிச் சொல்லக்கூடாது ஐயா. தவறாம போடணும். டாக்டருங்க மூலமாத்தான் கடவுள் வேலை செய்யறார்."

(மௌனம்.) "சரி தம்பி."

"உங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க."

நான் மொழிபெயர்க்க வேண்டிய இடம். நாலாவது வரியில் நின்றுவிட்டேன். 'சாப்பிட விருப்பமில்லை' என்று ஆங்கிலத்தில் மழுங்கிப்போன இடத்தில் தமிழில் இருந்தது 'அதுக்குத்தான்'. போட்டால் தூங்கிவிடுவேன், தூங்கிவிடக்கூடாது என்றுதான் போடுவதில்லை. அந்த மனிதர் முனைந்து விழித்திருக்கிறார். எதற்கென்று சொல்ல ஒரு கதவைத் திறந்து பார்த்திருக்கிறார். இளைஞர் அதைக் கவனமாகச் சாத்திவிட்டு, டாக்டரையும் கடவுளையும் முட்டுக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். "சரி தம்பி" என்பது ஒப்புதல் அல்ல. மரியாதை தெரிந்த ஒரு மனிதர் பேச்சை முடித்துக்கொள்ளும் முறை. தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த 'சரி' அது.

மொழிபெயர்ப்பு வேலையில் இப்படி அடிக்கடி நடக்கும். மூலத்தில் ஒரு முடிச்சு இருக்கும். நமக்கு அது சரியாகப் பிடிபடவில்லை என்று ஒத்துக்கொள்ள மனமில்லாமல், நீவி விட்டு வழவழப்பாக்கி விடுவோம். வாசிக்கிறவருக்கு உறுத்தாது. மாணவர் செய்ததும் அதுதான். ஆனால் அவர் நீவி விட்டது தாளில் மட்டுமல்ல. முந்தின நாள் வார்டில், தன் காதுக்குள்ளேயே நீவி விட்டிருந்தார்.

விஷயம் வெளியே வந்ததும் மேஜையைச் சுற்றி ஊகங்கள் கிளம்பின. மரண பயம் என்றார் ஒருவர். தூங்கினால் எழுந்திருக்கமாட்டோம் என்ற பயம், மூச்சு நோயாளிகளுக்குச் சகஜம். பழைய விபத்து ஏதாவது கனவில் வருகிறதோ என்றார் இன்னொருவர். பாறை வெடித்துச் சரிவது கோலார் சுரங்கங்களில் பேர்போன ஆபத்து. மேற்பார்வையாளர் கையைக் காட்டி நிறுத்தினார். "நமக்குத் தெரியாது. கேட்கவில்லையே." பிறகு மாணவர் பக்கம் திரும்பி, "நாலாவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவில் உங்களுக்குள் என்ன நடந்தது?" என்றார்.

வெகுநேரம் பதில் இல்லை. "பயந்துட்டேன்" என்றார் கடைசியில். "சாகப்போறேன்னு சொல்லிடுவாரோன்னு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல."

பதில் இல்லை என்பதே அங்கே தேவையான முதல் தகுதி என்று இந்தப் பயிற்சி சொல்கிறது. அதைப் புரிந்துகொள்ள இது தொடங்கிய கதைக்குப் போக வேண்டும். தொடங்கி வைத்தவர் ஒரு மனநோயாளி. அமெரிக்க மதகுரு ஆன்டன் பாய்சன், 1920இல் கடுமையான மனச்சிதைவுக்கு ஆளாகி மனநல மருத்துவமனையில் ஒரு வருடத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். தனக்கு நேர்ந்ததில் நோய் மட்டுமல்ல, ஆன்மீக நெருக்கடியும் இருந்தது என்று அவருக்குத் தோன்றியது. அதைக் காதுகொடுத்துக் கேட்க அங்கே ஆள் இல்லை. குணமாகி வெளியே வந்தவர் 1924இல் மாசசூசெட்ஸின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் மதகுருவாகச் சேர்ந்தார். மறு வருடக் கோடையில் இறையியல் மாணவர் சிலரை வார்டுகளில் வேலை செய்ய அழைத்துக்கொண்டார். வேதத்தையும் உரைகளையும் படிக்கிற அதே சிரத்தையோடு ஒரு நோயாளியைப் படிக்கவேண்டும் என்பது அவர் கட்சி. மனிதரை உயிருள்ள ஆவணம் என்றார். ரிச்சர்ட் காபட் என்ற பாஸ்டன் டாக்டர், மருத்துவ மாணவர்களைப் போலவே மதகுருக்களும் நோயாளிகளுக்கு நடுவே பயிற்சி பெறவேண்டும் என்று அதே காலத்தில் வாதாடினார். அவருடன் சேர்ந்து வேலை செய்த ரஸ்ஸல் டிக்ஸ் என்ற இளம் மதகுரு, தன் சந்திப்புகளை எழுதி வைத்துத் தானே பரிசோதித்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொண்டுவந்தார். வெர்பாட்டிமின் பூர்வீகம் அது. இன்று 'கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்' என்ற பெயரில் பல நாடுகளில் நடக்கும் இந்தப் பயிற்சியின் ஒரு கட்டம், அமெரிக்கக் கணக்குப்படி குறைந்தது 400 மணி நேரம். இந்தியாவில் வேலூர் சி.எம்.சி. முதலான சில கிறிஸ்தவ மருத்துவமனைகள் இதை நடத்துகின்றன.

பெயரைத் தமிழாக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. 'பாஸ்டர்' என்றால் லத்தீனில் ஆடு மேய்ப்பவர். நாம் அவருக்கு வைத்திருக்கும் பெயர் போதகர். போதிப்பவர். மற்ற பெயர்களையும் பாருங்கள். உபதேசியார், பிரசங்கியார், ஓதுவார், பௌராணிகர், உபன்யாசகர். எல்லாம் வாயை வைத்து வந்த பெயர்கள். காதை வைத்து ஒரு ஆன்மீகப் பதவிப் பெயர் தமிழில் எனக்குத் தட்டுப்படவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்கு உட்காரும் கத்தோலிக்கக் குரு ஒருவர்தான் கேட்பதைக் கடமையாக வைத்திருக்கிறார். அங்கும் கேட்டு முடித்ததும் தீர்ப்பு உண்டு, பரிகாரம் உண்டு.

'கேள்' என்ற நம் வினைச்சொல் விசித்திரமானது. காதால் கேட்பதும் அதுதான், வாயால் கேட்பதும் அதுதான். வார்டுக்குள் நுழைகிற பெரும்பாலோர் இரண்டாவதை மட்டும் செய்துவிட்டு முதலாவதையும் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களா, டாக்டர் என்ன சொன்னார், பசங்க வந்தாங்களா. கேள்வி மேல் கேள்வி. திருக்குறளில் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, 42ஆவது. அங்கே கேட்கிறவன் சிறியவன், சொல்கிறவர் கற்றறிந்த பெரியவர். நம் மரபில் கேட்பதற்கு எவ்வளவோ மதிப்பு உண்டு. ஆனால் அது கீழேயிருந்து மேலே பார்த்துக் கேட்பது. குரு சொல்வார், சீடன் கேட்பான். குருவானவர் வந்து, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சுரங்கத் தொழிலாளியின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, நீங்கள் சொல்லுங்கள், நான் தெரிந்துகொள்கிறேன் என்று உட்காருவது வேறு திசை. சங்கடமான திசையும்கூட.

வேதங்களில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. விவிலியத்தின் யோபு புத்தகத்தில், எல்லாவற்றையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு வார்த்தை பேசாமல் அவருடன் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்து எல்லாவற்றையும் கெடுக்கிறார்கள். பகவத் கீதையின் முதல் அத்தியாயம் முழுக்க அர்ஜுனனின் துயரம். அதற்கு யோகம் என்றே பெயர், விஷாத யோகம். தேரை நிறுத்தி, எதிரே நிற்பவர்களைப் பார் என்று சொன்னதைத் தவிர கிருஷ்ணர் அதில் வாயைத் திறப்பதில்லை. உபதேசமெல்லாம் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து. ஆனால் ஆஸ்பத்திரிக்கு கீதையோடு வருகிற நம் உறவினர்கள் நேராக இரண்டாம் அத்தியாயத்தில்தான் இறங்குவார்கள்.

இறங்குவதற்குக் காரணம் கெட்ட எண்ணம் அல்ல. துயரத்துக்கு எதிரே சும்மா இருப்பது கை கட்டிக்கொண்டு நிற்பது போல உறுத்துகிறது. அதனால் ஒவ்வொரு மதமும் ஒரு பதிலைக் கையில் கொடுத்து அனுப்புகிறது. பூர்வ ஜென்ம கர்மம், ஆண்டவரின் சித்தம், அல்லாஹ்வின் சோதனை. இவற்றில் உண்மை இருக்கிறதா என்பது என் வழக்கு அல்ல. நோயாளியே அதைச் சொன்னால் அது அவருடைய பலம். ஸ்டூலில் இருப்பவர் முந்திக்கொண்டு சொன்னால், மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் காதில் அது 'நீ என்ன பாவம் செய்தாயோ' என்றுதான் விழும். மதத்தின் துணை வேண்டாம் என்பவர்கள் வேறு இரண்டு வாக்கியங்கள் வைத்திருக்கிறார்கள்: "கவலைப்படாதீங்க", "எல்லாம் சரியாயிடும்". தமிழில் பேச்சை நிறுத்துவதற்கு இவற்றைவிடச் சிறந்த கருவிகள் கிடையாது.

வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லாத சிக்கல்களும் இங்கே இருக்கின்றன. நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லக்கூடாது என்று குடும்பம் டாக்டரிடம் சத்தியம் வாங்கியிருக்கும். நோயாளிக்கு அது தெரிந்திருக்கும். தெரிந்தது குடும்பத்துக்குத் தெரியாது. இந்த நாடகத்துக்கு நடுவே உட்காரும் மூன்றாவது ஆள் எதையும் உடைக்கவும் கூடாது, பொய்க்குச் சாட்சியாகவும் கூடாது. தனிமை என்பது பொது வார்டில் கிடையாது. பக்கத்துக் கட்டிலுக்கும் இவர் கட்டிலுக்கும் கையெட்டும் தூரம். மொழி இன்னொன்று. வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். மும்பை டாடா மருத்துவமனைக்கு நாடு முழுவதிலுமிருந்து வருகிறார்கள். உடம்பின் வலியை இரவல் இந்தியில் சொல்லிவிடலாம். மனசை இரவல் மொழியில் சொல்ல முடியுமா?

மதமாற்ற சந்தேகம் என்ற ஒன்றையும் பேசாமல் விடுவது நேர்மையாகாது. கிறிஸ்தவ மருத்துவமனையில் நெற்றியில் விபூதியோடு படுத்திருப்பவரிடம் ஒரு பாதிரியார் போய் நிற்கும்போது இருவருக்கும் நடுவில் அது நிற்கிறது. படுத்திருப்பவர் எழுந்து போக முடியாது. அவர் வேண்டாம் என்று சொல்வதும் கஷ்டம். அடுத்த ஊசி இந்த ஆஸ்பத்திரியில்தானே போட வேண்டும். அதனால் பயிற்சியில் இந்த விதி கறார். அவருடைய நம்பிக்கைக்குள் நின்றுதான் பேசவேண்டும். கோயில் பிரசாதம் வேண்டுமென்றால் அதற்கு வழி செய்யவேண்டும், இமாமை அழைக்கச் சொன்னால் அழைக்கவேண்டும். அவராகக் கேட்காமல் ஜெபம் கூடாது. அந்த இளைஞரின் ஏழாவது வரியை மேற்பார்வையாளர் நெடுநேரம் விடவில்லை. "ஜெபம் பண்ணட்டுமா என்று கேட்டது அவருக்காகவா, நீங்கள் எழுந்து போவதற்காகவா?" எனக்கு அது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றியது. ஆனால் யோசித்துப் பார்த்தால், நாமும் துக்க வீட்டில் "அப்ப நான் கிளம்பறேன்" என்பதற்கு எதையெதையோ மாற்றாகச் சொல்கிறோம்.

ஸ்டூல் அற்பமான சாமான் இல்லை. எலிசபெத் குப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவரிடம் 1965இல் சிகாகோவில் இறையியல் மாணவர் சிலர் வந்து, மரணத்தைப் பற்றி அறிய உதவி கேட்டார்கள். சாகும் தறுவாயில் இருப்பவர்களிடமே கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்று அவர் ஆள் தேடினார். மருத்துவமனையில் அப்படி யாருமே இல்லை என்று டாக்டர்கள் சாதித்தார்கள்! கடைசியில் ஒரு முதியவர் கிடைத்தார். அப்போதே உட்காரச் சொல்லிக் கைகளை நீட்டினார் அவர். நாளை மாணவர்களோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டர். மறுநாள் எல்லோரும் போனபோது அவருக்குப் பேசச் சக்தியில்லை. சற்று நேரத்தில் இறந்துபோனார். இந்தத் தவறைத் தன் புகழ்பெற்ற புத்தகத்தில் குப்ளர்-ராஸே எழுதி வைத்திருக்கிறார். 1969இல் வந்த அந்தப் புத்தகத்திலிருந்து துயரத்தின் ஐந்து கட்டங்களை உலகம் மனப்பாடம் செய்துகொண்டது. 'இப்போதே உட்கார்' என்பதை அவ்வளவாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதெல்லாம் காவி, வெள்ளை அங்கி போட்டவர்களின் தனிச்சொத்து என்று நினைத்தால் அதுவும் தப்பு. சாட் வாரா என்ற ஆங்கிலிகன் மதகுரு 1953இல் லண்டன் தேவாலயம் ஒன்றில், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் தன்னைக் கூப்பிடலாம் என்று தொலைபேசி எண் கொடுத்தார். கூட்டம் சேர்ந்தது. காத்திருப்பவர்களுக்கு டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருக்கச் சில சாதாரண ஆட்களை உட்காரவைத்தார். கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். டீ கொடுத்தவர்களிடம் பேசிவிட்டுப் பலர், மதகுருவைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லாமல் திரும்பிப் போனார்கள். அடுத்த வருடமே அந்த வேலையைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு பிறந்தது இப்படி. சென்னையில் 1986 முதல் இயங்கும் 'ஸ்நேகா' அதே குடும்பம். அங்கே தொலைபேசியை எடுப்பவர்களும் பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள்தான்.

நம் நாட்டில் இதைத் தெருவுக்குக் கொண்டுபோனது கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம், வீட்டோடு படுத்துவிட்டவர்களைப் பார்க்கப் பக்கத்து வீட்டுக்காரர்களையே பழக்கியது. ஆட்டோ ஓட்டுநர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லூரி மாணவி. பயிற்சியில் புண்ணைச் சுத்தம் செய்வது ஒரு பங்கென்றால், வாயை மூடிக்கொண்டிருப்பது இன்னொரு பங்கு. 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே அறிவித்தது. இந்திய மாநிலங்களில் அதுதான் முதல். லண்டனில் 1967இல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், ஆன்மா நாலிலும் பரவிய வலியை 'முழு வலி' என்றார். மார்ஃபின் முதலாவதைக் குறைக்கும். அதையும் மறந்துவிடக்கூடாது. வலியில் துடிக்கிறவரிடம் உட்கார்ந்து காது கொடுப்பது கேலிக்கூத்து. முதலில் மருந்து, பிறகு ஸ்டூல்.

கையேட்டில் திறமைகளின் பட்டியல் நீளமாக இருந்தது. எனக்கு உருப்படியாகப் பட்டவை சிலதான். நின்றுகொண்டு பேசாதே, கட்டிலில் இருப்பவரின் கண்மட்டத்துக்கு இறங்கு. அவர் நிறுத்தினால் நீயும் நிறுத்து. மௌனத்தை நிரப்ப அவசரப்படாதே. 'ஏன்' என்று கேட்காதே. அது போலீஸ் கேள்வி. உன் மாமாவுக்கும் இதே நோய் வந்த கதையைச் சொல்லாதே. "எனக்குப் புரியுது" என்று சொல்லாதே, உனக்குப் புரியவில்லை. ஒன்றும் தோன்றாவிட்டால் அவருடைய கடைசிச் சொல்லைத் திருப்பிச் சொல். "போடறதில்லையா?" இவ்வளவுதான். நாலாவது வரிக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கும். கேட்டதை வெளியே கொண்டுபோகாதே; ஆனால் உயிரை மாய்த்துக்கொள்ளப்போவதாகச் சொன்னால் அது ரகசியம் அல்ல, டாக்டரிடம் போ.

'எம்பதி' என்ற சொல்லுக்கு மட்டும் மூன்று நாள் முட்டிக்கொண்டேன். அனுதாபம் என்றால் மேலேயிருந்து கீழே வடிகிறது. பச்சாதாபம் என்று பலர் எழுதுகிறார்கள். சமஸ்கிருதத்தில் அதற்குப் பொருள் செய்த தவறுக்காகப் பின்னால் வருந்துவது. ஒத்துணர்வு என்கிறார்கள் உளவியல்காரர்கள். சரிதான், ஆனால் வார்டில் யார் வாயிலும் வராது. கடைசியில் ஒரு சிஸ்டர் தமிழ்நாட்டு நர்ஸ்களிடமிருந்து ஒரு பிரயோகத்தைப் பிடித்துத் தந்தார்: 'கூட இருக்கறது'. அகராதியில் வேறு பொருள், வார்டில் இதுதான். அதையே போட்டேன்.

அன்று வகுப்பு முடியும்போது மாணவர் மறுநாள் கேட்கவேண்டிய மூன்று கேள்விகளை எழுதிக் காட்டினார். மேற்பார்வையாளர் மூன்றையும் அடித்தார். "ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். நேற்று நீங்கள் சொன்ன ஒன்று மனசிலேயே நிற்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

இரண்டாவது வெர்பாட்டிமை மாணவர் தமிழிலேயே எழுதினார். பெரியவரிடம் கேட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு பிரதி அனுப்பினார். நாலு பக்கத்தில் அவருடைய வரிகள் அரைப் பக்கம்கூட இல்லை. மரண பயமும் இல்லை, பாறை வெடித்த கனவும் இல்லை. பெரியவருக்கு ஆண் துணை யாரும் கிடையாது. அதனால் இரவில் உடன் இருக்க மனைவிக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்த அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கிறார்.

"ஆம்பிளைங்க வார்டு தம்பி இது. இருபது கட்டிலு. ராத்திரியில ஆளுங்க போறாங்க, வராங்க. அவ பகலெல்லாம் ஓடிட்டு, படுத்தா பொணமாட்டம் தூங்கறா. நான் முழிச்சிருந்தா இருமிக்கினே இருப்பேன். இருமல் சத்தம் கேட்டா ஆளு முழிச்சிருக்கான்னு தெரியும் இல்ல?"

(நெடு மௌனம் என்று எழுதியிருந்தார்.)

"ஷிப்டுல இருந்த காலத்துல அவதான் முழிச்சிருப்பா. சங்கு ஊதி நான் மேல வர்ற வரைக்கும். முப்பது வருசம். இப்ப என் முறை."

மாணவர் பிறகு நர்ஸிடம் பேசி, பெண் துணைகள் தங்கும் அறையில் அந்த அம்மாவுக்கு இடம் வாங்கியிருக்கிறார். அந்த அம்மா போக மறுத்துவிட்டார். கட்டிலைச் சுவரோரமாக மாற்றிக் கொடுத்தார்கள். பாய் சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் போயிற்று. பெரியவர் மாத்திரையைப் பாதி போடுகிறாராம். மீதியை என்ன செய்கிறார் என்று மாணவர் கேட்கவில்லை.

அன்று ஏறக்குறைய முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஜெபத்தைப் பற்றி வாயே திறக்காமல் அவர் எழுந்திருக்கிறார். கடைசி வரி நோயாளியுடையது.

"ஏன் தம்பி, இன்னிக்கு ஜெபம் இல்லையா?"